பெருந்தொற்றுக் காலத்தில் நடைபாதைப் பகிர்வு: பிரித்தானியா, 2020

2020ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், கோவிட்-19 பெருந்தொற்றால் பொதுமுடக்கத்தில் இருந்த பிரித்தானியாவில், நடப்பவர்களும் ஓடுபவர்களும் ஒரே குறுகிய நடைபாதையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வெளியே வரலாம் என்று அரசு அனுமதித்தது. ஒருவருக்கொருவர் 2 மீட்டர் விலகி இருக்கும்படி அறிவுறுத்தியது. ஆனால் இருவர் எதிரெதிரே வரும்போது யார் விலகுவது என்பதை எந்த விதியும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை மக்கள் எப்படி நிரப்பினார்கள், அரசும் நகர நிர்வாகங்களும் என்ன செய்தன, அதே காலத்தில் பிரான்சும் ஸ்பெயினும் இச்சிக்கலை எப்படிக் கையாண்டன என்பவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

முன்வரலாறு

தெருவில் யார் யாருக்கு வழிவிடுவது என்ற கேள்வி இலண்டனில் மிகப் பழையது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நகரின் பெரும்பாலான தெருக்களில் உயர்த்திக் கட்டிய நடைபாதை கிடையாது. சாக்கடை நீரும் வண்டிகளும் தெருவில் ஓடின. வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கமே ஓரளவு சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் இருந்தது. ஆகவே சுவர்ப்பக்கம் நடப்பது மதிப்புக்குரிய உரிமையாகக் கருதப்பட்டது. தகுதியில் தாழ்ந்தவர் உயர்ந்தவருக்குச் சுவர்ப்பக்கத்தை விட்டுவிட்டுச் சேற்றுப் பக்கம் இறங்க வேண்டும் என்பது வழக்கம். இறங்க மறுத்தால் சண்டை மூண்டது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தின் முதற்காட்சியில் வேலையாட்கள் இந்தச் சுவர்ப்பக்கத்தை வைத்தே வீம்பு பேசுகிறார்கள்.

இலண்டன் தெருக்களில் நடப்பதைப் பற்றி ஜான் கே 1716இல் 'டிரிவியா' என்ற நீண்ட கவிதையை வெளியிட்டார். அதில் அவர் யாருக்கு வழிவிட வேண்டும் என்று கூறும் பகுதி கவனத்துக்குரியது. முதியவர், சுமை தூக்கிச் செல்பவர், பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர் ஆகியோரை அவர் குறிப்பிடுகிறார். செல்வமும் பதவியும் உடையவர்களுக்கு அல்லாமல், எளிதில் விலக முடியாதவர்களுக்கு வழிவிட வேண்டும் என்ற கருத்து அதில் இருக்கிறது.

1762இல் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கும் 1766இல் இலண்டன் மாநகருக்கும் தெருத்தளம் அமைக்கும் சட்டங்கள் வந்தன. தளக்கல் பதித்த நடைபாதைகள் பரவின. சுவர்ச் சண்டையும் மெல்ல மறைந்தது. தம் தாய் அறிந்த இலண்டனில் சுவர்ப்பக்கத்தைப் பிடிப்பவர், விட்டுக்கொடுப்பவர் என இருவகை மக்கள் இருந்ததாகவும், தம் காலத்தில் அவரவர் வலப்புறமாக நடப்பது வழக்கமாகிவிட்டதாகவும் சாமுவேல் ஜான்சன் கூறியதை அவரது வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார்.

1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் குதிரையோ வண்டியோ ஓட்டுவதைத் தடை செய்தது. பிற்காலத்தில் மிதிவண்டிக்கும் அது பொருந்தியது. ஓடுபவரை அச்சட்டம் தனியாகப் பிரிக்கவில்லை. சட்டத்தின் பார்வையில் நடப்பவரும் ஓடுபவரும் காலால் செல்பவர்களே. நடைபாதையில் இருவருக்கும் உரிமை சமம். 2020 வரை இதில் பெரிய சிக்கல் எழவும் இல்லை. தோளோடு தோள் உரசிச் செல்வது நகர வாழ்க்கையின் இயல்பாக இருந்தது.

பொதுமுடக்கமும் உடற்பயிற்சி அனுமதியும்

2020 மார்ச் 20 அன்று உடற்பயிற்சிக் கூடங்களையும் நீச்சல் குளங்களையும் மூட அரசு உத்தரவிட்டது. அடுத்த இரு நாட்கள் வார இறுதி. நகரப் பூங்காக்களிலும் மலைப்பகுதிகளிலும் கூட்டம் குவிந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து இத்தனை கூட்டத்தைக் கண்டதில்லை என்று வேல்சிலுள்ள ஸ்னோடோனியா தேசியப் பூங்கா நிர்வாகம் அறிவித்தது. மார்ச் 23 இரவு பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் பொதுமுடக்கத்தை அறிவித்தார். வீட்டைவிட்டு வெளியே வர அனுமதிக்கப்பட்ட சில காரணங்களில் ஒன்று, நாளுக்கு ஒருமுறை உடற்பயிற்சி. நடக்கலாம், ஓடலாம், மிதிவண்டி ஓட்டலாம். தனியாகவோ ஒரே வீட்டில் வசிப்பவர்களுடனோ செல்லலாம்.

மார்ச் 26 அன்று இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்ட விதிகளில் 'நாளுக்கு ஒருமுறை' என்ற வரம்பு இல்லை. 2 மீட்டர் இடைவெளியும் அதில் இல்லை. இரண்டும் அரசின் அறிவுரைகள். வேல்சில் ஒருமுறை என்ற வரம்பு சட்டமாகவே இருந்தது. ஒரு மணி நேர நடையோ அரைமணி நேர ஓட்டமோ போதுமானதாக இருக்கும் என்று அமைச்சர் மைக்கேல் கோவ் தொலைக்காட்சியில் தம் கருத்தைச் சொன்னார். அதுவும் சட்டமாகவில்லை. எது சட்டம், எது அறிவுரை, எது ஒருவரின் கருத்து என்ற குழப்பம் நடைபாதைகளிலும் வெளிப்பட்டது.

பல காரணங்கள் சேர்ந்து மக்களை நடைபாதைக்கு அனுப்பின. உடற்பயிற்சிக் கூடங்கள் மூடியிருந்ததால் பலர் ஓடத் தொடங்கினர். பார்க்ரன் எனப்படும் சனிக்கிழமைப் பூங்கா ஓட்டங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ஏப்ரல் 26 அன்று நடக்கவிருந்த இலண்டன் மாரத்தான் தள்ளிவைக்கப்பட்டது. அவற்றுக்காகப் பயிற்சி செய்து வந்தவர்கள் தம் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓடினர். அந்த ஆண்டின் வசந்தம் பிரித்தானிய வானிலைப் பதிவுகளிலேயே மிகுந்த வெயில் கண்ட வசந்தமாக அமைந்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் மே மாதம் வெளியிட்ட தகவலின்படி, பிரித்தானியாவில் எட்டில் ஒரு வீட்டுக்குத் தனித் தோட்டமோ பகிர்ந்துகொள்ளும் தோட்டமோ இல்லை. இலண்டனில் இது ஐந்தில் ஒன்று. இவர்களுக்கு வீட்டு வாசலுக்கு வெளியே இருந்த நடைபாதைதான் ஒரே திறந்தவெளி.

2 மீட்டரும் நடைபாதையின் அகலமும்

சுவாசத் துளிகள் வழியே நோய் பரவுவது பற்றி ஜெர்மானிய அறிவியலாளர் கார்ல் புளூகெ 1890களில் ஆய்வு செய்தார். பெரிய துளிகள் விரைவில் தரையில் விழும், சிறியவை காற்றிலேயே உலர்ந்து மிதக்கும் என்பதை அமெரிக்கரான வில்லியம் ஃபர்த் வெல்ஸ் 1934இல் விளக்கினார். இடைவெளி விதிகளின் வேர் இத்தகைய ஆய்வுகளில் உள்ளது. ஆனால் 2020இல் நாடுகள் ஒரே அளவைப் பின்பற்றவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பிரான்சும் 1 மீட்டர் என்றன. ஜெர்மனியும் நெதர்லாந்தும் 1.5 மீட்டர் என்றன. அமெரிக்கா 6 அடி என்றது. பிரித்தானியா 2 மீட்டரைத் தேர்ந்தெடுத்தது.

பிரித்தானியத் தெரு வடிவமைப்புக்கான 2007ஆம் ஆண்டுக் கையேடு, ஆள்நடமாட்டம் குறைந்த தெருக்களில் தடையற்ற நடைபாதையின் அகலம் பொதுவாகக் குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. ஒருவரின் தோள் அகலம் ஏறத்தாழ அரை மீட்டர். இருவர் தமக்கிடையே 2 மீட்டர் விட்டுக் கடக்க வேண்டுமானால் நடைபாதை குறைந்தது 3 மீட்டர் இருக்க வேண்டும். அதாவது கையேட்டின்படி சரியாகக் கட்டப்பட்ட நடைபாதையில்கூட அரசின் அறிவுரையைப் பின்பற்ற இயலாது. பழைய குடியிருப்புத் தெருக்களில் 2 மீட்டரும் இல்லை. விளக்குக் கம்பங்களும் குப்பைத் தொட்டிகளும் இருந்த இடத்தையும் குறைத்தன. இலண்டனில் நடைபாதையில் வண்டி நிறுத்துவதை 1974ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. இங்கிலாந்தின் பிற பகுதிகளில் அத்தகைய பொதுத் தடை இல்லாததால் கார்கள் நடைபாதைமேல் ஏறி நின்றன.

ஆகவே இருவர் எதிர்ப்படும் ஒவ்வொரு முறையும் ஒருவர் சாலையில் இறங்கியாக வேண்டும், அல்லது ஏதேனும் ஒரு வாசல் இடைவெளியில் ஒதுங்கி நிற்க வேண்டும். பொதுமுடக்கத்தால் சாலைப் போக்குவரத்து வெகுவாகக் குறைந்திருந்தது. இறங்குவது முன்னைவிட எளிதாகத் தோன்றியது. ஆனால் காலியான சாலைகளில் சிலர் மிக வேகமாக வண்டி ஓட்டுவதாக இலண்டன் காவல்துறை எச்சரித்தது. இறங்குபவர் பின்னால் திரும்பிப் பார்த்தே இறங்க வேண்டியிருந்தது.

ஓடுபவர்கள்மீது எழுந்த அச்சம்

ஏப்ரல் முதல் பாதியில் பிரித்தானியாவில் ஒரு நாளின் கொரோனா மரணங்கள் ஆயிரத்தை எட்டின. அந்தச் சூழலில், பின்னாலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து தோளருகே கடந்து செல்பவர் அச்சத்தை ஏற்படுத்தினார். அதற்குக் காரணமும் இருந்தது. ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். கடுமையாக ஓடும்போது அது பல மடங்காகிறது. வாயால் மூச்சு விடுவதும் எச்சில் துப்புவதும் ஓடுபவர்களிடம் இயல்பாகக் காணப்படுபவை.

ஏப்ரல் மாதம் பெல்ஜிய-டச்சு ஆய்வுக் குழு ஒன்றின் கணினி உருவகம் சமூக ஊடகங்களில் பரவியது. மிதிவண்டிப் போட்டிகளின் காற்றியக்கத்தை ஆராய்ந்து வந்த பேராசிரியர் பெர்ட் பிளாக்கென் அக்குழுவின் தலைவர். நடப்பவர் அல்லது ஓடுபவரின் நேர் பின்னால் செல்பவர்மீது துளிகள் படாதிருக்க, நடையில் ஏறத்தாழ 5 மீட்டரும் ஓட்டத்தில் 10 மீட்டரும் இடைவெளி தேவை என்று அது கூறியது. பக்கவாட்டில் விலகிச் சென்றால் அவ்வளவு தூரம் தேவையில்லை என்பதும் அந்த ஆய்விலேயே இருந்தது. ஓடுபவரின் பின்னால் செந்நிறத் துளிகள் மேகம்போல் பரவும் படம் மட்டுமே பலரைச் சென்றடைந்தது. ஆய்வு அப்போது சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு உட்பட்டு வெளியாகியிருக்கவில்லை. துளி எங்கே விழுகிறது என்பதையே அது கணித்தது, அந்தத் துளி நோயைத் தருமா என்பதை அது ஆராயவில்லை என்று நோயியல் வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். ஆயினும் '10 மீட்டர்' என்ற எண் நிலைத்துவிட்டது.

நேரக் கணக்கு வேறொரு படத்தைத் தருகிறது. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓடுபவரும் 5 கி.மீ. வேகத்தில் நடப்பவரும் எதிரெதிரே கடக்கும்போது, ஒருவருக்கொருவர் 2 மீட்டருக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. ஓடுபவர் பின்னாலிருந்து முந்திச் செல்லும்போது ஏறத்தாழ 2 நொடி. மே இறுதியில் இங்கிலாந்தில் தொடங்கிய தொடர்புத் தடமறியும் பணி, 2 மீட்டருக்குள் 15 நிமிடத்துக்கு மேல் இருந்ததை நெருங்கிய தொடர்பின் அளவுகோல்களில் ஒன்றாகக் கொண்டது. அதனோடு ஒப்பிட்டால் கடந்து செல்வதன் ஆபத்து மிகச் சிறியது. முந்த இடமின்றி நடப்பவரின் முதுகுக்குப் பின்னாலேயே மெதுவாக ஓடிவருவது அதைவிட நீண்ட நேரத் தொடர்பு. திறந்தவெளியில் பரவல் குறைவு என்பதற்கான சான்றுகள் பின்னர் வலுப்பட்டன. தொற்று நோய்களுக்கான ஆய்விதழ் ஒன்றில் வெளியான தொகுப்பாய்வு, பதிவான பரவலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே திறந்தவெளியில் நிகழ்ந்ததாகவும், கட்டடங்களுக்குள் பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 19 மடங்கு அதிகம் என்றும் கணித்தது.

இந்த அறிவு 2020 ஏப்ரலில் நடைபாதையில் இருந்தவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. எனவே அன்றைய அச்சத்தைப் பிற்கால அறிவைக்கொண்டு எள்ளுவது பொருந்தாது.

விலக முடியாதவர்கள்

இக்காலத்தில் நடைபாதையில் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள், விலக விரும்பியும் விலக முடியாதவர்கள்.

பார்வையற்றவர் எதிரே வருபவரைக் காண இயலாது. வழிகாட்டி நாய்கள் தடைகளைச் சுற்றிச் செல்லவும் சாலை விளிம்பில் நிற்கவும் பழக்கப்பட்டவை. 2 மீட்டர் இடைவெளியைக் கணக்கிட அவற்றுக்குக் கற்பிக்கப்படவில்லை. நாயுடன் வருபவர் தமக்கு வழிவிடாமல் வருவதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் நிலை உருவானது. மற்றொருவரின் கையைப் பிடித்து நடக்கும் பார்வையற்றோருக்கு இடைவெளி விதி அந்தத் துணையையே இல்லாமல் ஆக்கியது.

சக்கர நாற்காலியில் செல்பவரும் குழந்தைத் தள்ளுவண்டியுடன் செல்பவரும் நடைபாதையின் உயர்ந்த விளிம்பிலிருந்து சாலையில் இறங்க முடியாது. சாய்தளம் இருக்கும் இடம்வரை செல்ல வேண்டும். ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவருக்கு விளிம்பில் இறங்கி ஏறுவது விழும் ஆபத்தைத் தரும். காது கேளாதவருக்குப் பின்னாலிருந்து வரும் குரலும் காலடியோசையும் எட்டாது.

இங்கிலாந்தில் நோய் ஆபத்து மிகுந்தோர் எனப் பட்டியலிடப்பட்டவர்கள் வீட்டைவிட்டே வெளியே வரவேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டிருந்தனர். அவர்களின் எண்ணிக்கை இறுதியில் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஜூன் 1 முதல்தான் அவர்கள் வெளியே நடக்கலாம் என்று அரசு கூறியது. பத்து வாரங்களுக்குப் பின் தெருவில் கால்வைத்தவருக்கு, தம்மை நோக்கி ஓடிவரும் ஒருவர் விலகுவாரா மாட்டாரா என்பது நடையைத் தொடர்வதா வீடு திரும்புவதா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வியாக இருந்தது.

பூங்காக்களை மூடுதலும் கால்வாய்க் கரையும்

கூட்டத்தைக் கட்டுப்படுத்த நகர நிர்வாகங்கள் முதலில் எடுத்த வழி, பூங்காவை மூடுவது. கிழக்கு இலண்டனின் விக்டோரியா பூங்கா மார்ச் 25 அன்று மூடப்பட்டது. தெற்கு இலண்டனின் பிராக்வெல் பூங்காவுக்கு ஏப்ரல் 4, சனிக்கிழமை, 3,000க்கு மேற்பட்டோர் வந்ததாகக் கூறி மறுநாள் அதை லாம்பெத் நிர்வாகம் மூடியது. அதே நாளில் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக், மக்கள் விதிகளை மீறினால் வெளியில் உடற்பயிற்சி செய்யும் அனுமதியே நீக்கப்படலாம் என்று எச்சரித்தார்.

பூங்காவை மூடினால் அதைப் பயன்படுத்தியவர்கள் காணாமல் போவதில்லை. அவர்கள் அதைவிடக் குறுகிய இடங்களுக்குச் சென்றார்கள். விக்டோரியா பூங்காவின் ஓரத்தில் ரீஜண்ட் கால்வாயும் ஹெர்ட்ஃபோர்டு யூனியன் கால்வாயும் ஓடுகின்றன. இவற்றின் கரைப்பாதைகள், குதிரைகள் படகுகளை இழுத்துச் செல்வதற்காக அமைக்கப்பட்டவை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பெரும்பாலும் சுவர். பாலங்களின் அடியில் பாதை மேலும் குறுகும், எதிரே வருபவரும் தெரியமாட்டார். இலண்டன் கால்வாய்களில் படகுகளையே வீடாகக் கொண்டு வாழ்பவர்கள் பலர். அவர்களின் வாசலும் சன்னலும் இந்தப் பாதையை ஒட்டியே இருக்கின்றன. வாசலைத் திறந்தால் மூச்சிரைக்க ஓடுபவர் முன்னால் நிற்கும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் வழக்கமான நெறிமுறை, கரைப்பாதையில் நடப்பவருக்கே முன்னுரிமை என்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் அந்த அறக்கட்டளை, கரைப்பாதைகளை வீட்டருகே மட்டும் அளவாகப் பயன்படுத்தும்படி வேண்டிக்கொண்டது.

விக்டோரியா பூங்கா ஏப்ரல் 11 அன்று குறைந்த நேரத்துடன் மீண்டும் திறக்கப்பட்டது. ஏப்ரல் 18 அன்று, பூங்காக்கள் திறந்திருக்க வேண்டும் என்று அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் அறிவித்தார். தோட்டமில்லாத வீடுகளில் வசிப்போருக்கு அவை தேவை என்பது அவர் கூறிய காரணம். அகன்ற இடத்தை மூடினால் குறுகிய இடத்தில் நெரிசல் கூடும் என்ற பாடம் சில வாரங்களில் கற்கப்பட்டது.

பிரான்சும் ஸ்பெயினும் வகுத்த நேர விதிகள்

பிரித்தானியா மக்களின் பொறுப்புணர்வை நம்பிய இடத்தில் பிரான்சும் ஸ்பெயினும் கடிகாரத்தை நம்பின.

பிரான்சில் மார்ச் 17 முதல் வெளியே செல்வோர் காரணம் குறித்த படிவத்தை உடன் வைத்திருக்க வேண்டும். சில நாட்களில் உடற்பயிற்சிக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து 1 கி.மீ. சுற்றளவு என்ற வரம்பும் வந்தது. பாரிசில் ஏப்ரல் 8 முதல் காலை 10 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே ஓட்டம் உள்ளிட்ட தனிநபர் விளையாட்டுப் பயிற்சி தடை செய்யப்பட்டது. மேயர் ஆன் இடால்கோவும் காவல் தலைவரும் இணைந்து அதை அறிவித்தனர். பகலில் நடைபாதை கடைக்குச் செல்வோருக்கும் நடப்போருக்கும் கிடைத்தது. ஆனால் ஓடுபவர்கள் அனைவரும் காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில் குவிய இது வழிவகுக்கிறது என்ற விமர்சனமும் எழுந்தது.

ஸ்பெயினின் கட்டுப்பாடு மேலும் கடுமையானது. மார்ச் நடுவிலிருந்து ஏழு வாரங்கள் பெரியவர்கள் உடற்பயிற்சிக்காக வெளியே வரவே அனுமதி இல்லை. ஏப்ரல் 26 அன்று 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் அனுமதி கிடைத்தது. மே 2 முதல் நாள் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. காலை 6 முதல் 10 வரையும் இரவு 8 முதல் 11 வரையும் பெரியவர்களின் நடைக்கும் ஓட்டத்துக்கும் ஒதுக்கப்பட்டது. காலை 10 முதல் 12 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் துணை தேவைப்படுவோருக்கும் உரியது. நண்பகல் 12 முதல் மாலை 7 வரை குழந்தைகளின் நேரம். 5,000 மக்களுக்கும் குறைவான ஊர்களுக்கு இந்த நேர வரம்பு இல்லை. அங்கே தெருவில் நெரிசல் ஏற்படாது என்பதே காரணம்.

ஸ்பெயினின் முறையில் ஒரு நன்மை தெளிவாக இருந்தது. முதியவர்கள் ஓடுபவர்களை எதிர்கொள்ளத் தேவையில்லாத நேரம் அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது. அதேசமயம் பெரிய நகரங்களில் காலை நேரம் நெரிசலானது. மாட்ரிட்டின் ரெத்திரோ பூங்கா மே 25 வரை திறக்கப்படவில்லை. பூங்காவில் ஓடியிருக்க வேண்டியவர்கள் தெருக்களில் ஓடினர். மேலும், ஓடுவதற்கு அதிகாலையையும் இரவையும் மட்டும் ஒதுக்குவது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. ஆளில்லாத நேரத்தில் தனியே ஓடுவது பல பெண்களுக்குப் பாதுகாப்பானதாக இருப்பதில்லை.

இடத்தை அகலமாக்குதல்

நடைபாதையில் இடமில்லை என்றால் சாலையிலிருந்து இடம் எடுக்கலாம் என்ற எண்ணம் பல நகரங்களில் எழுந்தது. டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் மார்ச் இறுதியில் கார்கள் தடுக்கப்பட்டன. கனடாவின் வான்கூவர் நகரில் ஸ்டான்லி பூங்காவின் சாலைகள் ஏப்ரல் 8 முதல் கார்களுக்கு மூடப்பட்டு, மிதிவண்டிகள் கடற்கரை மதில்பாதையிலிருந்து அச்சாலைக்கு மாற்றப்பட்டன. மதில்பாதை காலால் செல்வோருக்குக் கிடைத்தது. நியூயார்க் நகரம் மே மாதத்தில் 40 மைல் தெருக்களை மக்களுக்குத் திறக்கப்போவதாக ஏப்ரல் இறுதியில் அறிவித்தது.

இலண்டனில் மே 6 அன்று மேயர் சாதிக் கான் தெருவிடத் திட்டத்தை அறிவித்தார். கடைத்தெருக்களில் சாலையின் ஒரு பகுதி தடுப்புகளால் பிரிக்கப்பட்டு நடைபாதையோடு சேர்க்கப்பட்டது. மே 9 அன்று மத்திய அரசு, நடைக்கும் மிதிவண்டிக்கும் இடம் ஏற்படுத்த 25 கோடி பவுண்டு அவசர நிதியை அறிவித்தது. மே 13 முதல் இங்கிலாந்தில் உடற்பயிற்சிக்கான எண்ணிக்கை வரம்பு நீங்கியது. இடைவெளி அறிவுரை ஜூலை 4 முதல், கூடுதல் பாதுகாப்புடன் 1 மீட்டர் எனத் தளர்ந்தது.

அகலப்படுத்துவதிலும் சிக்கல்கள் இருந்தன. ஒரே இரவில் தோன்றும் தடுப்புகள், பாதையை மனத்தில் பதித்து நடக்கும் பார்வையற்றோரைத் தடுமாறச் செய்தன. ஜூலையில் நிறைவேறிய சட்டம் உணவகங்கள் நடைபாதையில் மேசை போட உரிமம் பெறுவதை எளிதாக்கியது. புதிதாகக் கிடைத்த இடத்தின் ஒரு பகுதி மீண்டும் மேசை நாற்காலிகளுக்குச் சென்றது. குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலும் எந்த மாற்றமும் வரவில்லை. அங்கே இருவர் எதிர்ப்பட்டால் யாரோ ஒருவர் விலகித்தான் ஆக வேண்டியிருந்தது.

உருவான மரபு

சில வாரங்களிலேயே எழுதப்படாத ஒரு மரபு உருவாகியது. ஓட்ட அமைப்புகளின் அறிவுரைகளிலும் அது இடம்பெற்றது. அதன் கூறுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

ஓடுபவரே முதலில் விலகுவார். அவர் வேகமாக வருகிறார், ஆகவே முன்கூட்டியே முடிவெடுக்க அவரால் முடியும். சாலையில் இறங்கி ஏறும் உடல்வலிமையும் அவரிடம் இருக்கிறது. அருகில் வந்தபின் விலகுவதைவிட, தொலைவிலேயே விலகித் தம் எண்ணத்தைக் காட்டுவது நடப்பவரின் பதற்றத்தைக் குறைக்கும். இறங்க இடமில்லாத பாலத்தடியிலோ குறுகிய சந்திலோ ஓட்டத்தை நிறுத்தி, எதிரே வருபவர் கடக்கும்வரை நிற்க வேண்டும். பின்னாலிருந்து முந்துவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். ஆயினும் அது எல்லோருக்கும் கேட்கும் என்று எண்ணக் கூடாது. பிறர் அருகில் இருக்கும்போது துப்பக் கூடாது. கூட்டமில்லாத நேரத்தையும் தெருவையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

நடப்பவர்களுக்கும் பொறுப்பு இருந்தது. ஒரே குடும்பத்தினர் கைகோத்து நடைபாதையின் முழு அகலத்தையும் அடைத்துச் சென்றால் எதிரே வருபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயனில்லை. யாராவது எதிர்ப்பட்டால் வரிசையாக மாறுவது, நாயின் கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பது, கைப்பேசியைப் பார்த்தபடி நடக்காமல் இருப்பது ஆகியவை எதிர்பார்க்கப்பட்டன. 2021 ஜனவரியில் மூன்றாம் பொதுமுடக்கத்தில் வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவருடன் சேர்ந்து உடற்பயிற்சி செய்ய அனுமதி இருந்தது. இருவர் தமக்குள் இடைவெளி விட்டு இணையாக நடந்தபோது நடைபாதை முழுவதும் நிறைந்தது. பழைய வாதம் மீண்டும் எழுந்தது.

இம்மரபைக் கண்காணிக்க யாரும் இல்லை. மீறியவருக்குத் தண்டனையும் இல்லை. விலகியவருக்கு எதிரே வந்தவர் ஒரு தலையசைப்பாலோ கையசைப்பாலோ நன்றி சொன்னார். 2 மீட்டருக்கு அப்பாலிருந்து செய்யக்கூடிய மரியாதை அவ்வளவே. இந்தச் சிறு சைகை இரு தரப்புக்கும் பயனளித்தது. விலகியவர் தாம் நோயாளியாகப் பார்க்கப்படவில்லை என்று உணர்ந்தார். மற்றவர் தம் அச்சம் மதிக்கப்பட்டதாக உணர்ந்தார்.

மதிப்பீடு

2020இன் நடைபாதை அனுபவம் மூன்று செய்திகளை விட்டுச் சென்றது. முதலாவது, அளவை அறிவிப்பதும் அதைப் பின்பற்ற இடம் தருவதும் வேறு வேறு. 2 மீட்டர் நடைபாதையில் 2 மீட்டர் இடைவெளியைக் கேட்ட அரசு, அதன் சுமையை நடப்பவர்மீதும் ஓடுபவர்மீதும் இறக்கிவைத்தது. ஒருவரையொருவர் குற்றம் சாட்டிய இரு தரப்பினரும் ஒரே பற்றாக்குறையின் இரு முனைகளில் நின்றார்கள். இரண்டாவது, பூங்காவை மூடுவது, நேரத்தைப் பிரிப்பது, சாலையை அகலமாக்குவது ஆகிய ஒவ்வொரு தீர்வும் யாரோ ஒருவரை வேறிடத்துக்குத் தள்ளியது. மூன்றாவது, சட்டமும் அறிவியலும் முடிவு சொல்லாத இடத்தில் மக்கள் ஏற்றுக்கொண்ட அளவுகோல், யாருக்கு விலகுவது எளிதோ அவர் விலகுவது.

2022 ஜனவரி 29 அன்று நடைமுறைக்கு வந்த பிரித்தானியச் சாலை விதித் திருத்தம், பிறருக்கு அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே அதிகப் பொறுப்பு என்ற படிநிலையைச் சேர்த்தது. காலால் செல்வோருக்கு அதில் முன்னுரிமை உண்டு. ஆனால் ஓடுபவரும் நடப்பவரும் அங்கே ஒரே வகையினர். அவர்களுக்கிடையிலான பங்கீடு இன்றும் எழுதப்பட்ட விதி அன்று, பழக்கமே. 1716இல் ஜான் கே தம் கவிதையில் வழிவிடச் சொன்னவர்களின் பட்டியலும், 2020இல் நடைபாதையில் விலக முடியாமல் நின்றவர்களின் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றே. முதியவரும் பார்வையற்றவரும் நடக்க இயலாதவரும் இரண்டிலும் இருக்கிறார்கள். நோய்க்கிருமி பற்றிய அறிவு பெருந்தொற்றின் ஈராண்டுகளில் பலமுறை மாறியது. அவர்களுக்கு வழிவிட வேண்டிய தேவை மாறவில்லை.